கோழிக்கூண்டு: ஐந்து வருடத்தில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

சிவகங்கைப் பக்கம் எங்கள் வீடு. கொல்லையைத் தாண்டினால் கருவேலங்காடு, அதற்கப்புறம் கண்மாய்க் கரை. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் எட்டு சிறுவிடைக் கோழியும் (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி வகை) ஒரு சேவலும் வாங்கி விட்டோம். முதல் வருடம் பொரித்த குஞ்சுகளில் பாதிகூட வளர்ந்து வரவில்லை. புதிதாகக் கோழி வாங்கப் போகிறவர்கள் அந்தக் கணக்கை என்னைப் போலக் குஞ்சுகளை இழந்து தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கூண்டுக்கு மரச்சட்டம் அடித்து, கடையில் கோழிவலை என்று கொடுத்த அறுகோணக் கண்ணி வலையைக் கட்டினோம். கோழியை உள்ளே நிறுத்த அது போதும், கீரியை நிறுத்தப் போதாது. ஒருநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு, வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே, வலைக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு கீரி உள்ளே போய்விட்டது. தாய்க்கோழியும் ஏழு குஞ்சுகளும் செத்துக் கிடந்தன, எல்லாவற்றுக்கும் கழுத்தில்தான் கடி. ஒன்றைக்கூடத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இரவில் அடைத்தால் போதும் என்று நினைத்திருந்தோம், கீரி பகலில் திரிகிற விலங்கு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்போதிருந்து, எது வந்தது என்று பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை. இறகு கொல்லை முழுக்கச் சிதறி, கோழி தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் தெருநாய். சத்தமே இல்லாமல் முட்டையும் குஞ்சும் குறைந்துகொண்டே வந்தால் பாம்பு. தலை மட்டும் எச்சில் பட்டு நனைந்த மாதிரி ஒரு குஞ்சு கிடந்தால், விழுங்கப் பார்த்து முடியாமல் பாம்பு விட்டுப் போயிருக்கிறது. கூண்டு ஓரத்தில் புது வளை தெரிந்தால் பெருச்சாளி, சின்னக் குஞ்சுகளை அது விட்டுவைக்காது. இரவில் முருங்கை மரத்தில் அடைந்த கோழி காலையில் இல்லையென்றால் மரநாயாக இருக்கலாம், அதற்கு மரம் ஏறுவது ஒரு விஷயமே இல்லை.

2021 கடைசியில் கட்டிய கூண்டுதான் இன்றுவரை நிற்கிறது. எட்டடிக்கு ஆறடி, கீழே ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டு, அதற்கு மேல் கூரைவரை அரை இஞ்சு கண்ணியுள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை. வெளிப்பக்கம் சுற்றிலும் ஒன்றரை அடி அகலத்துக்கு அதே மெஷ்ஷைத் தரையில் படுக்கையாக விரித்து மண் போட்டு மூடினோம். பறிக்கிற விலங்கு சுவரை ஒட்டித்தான் பறிக்கும், நகம் கம்பியில் பட்டதும் இடம் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விடும், தள்ளி நின்று பறிக்க அதற்குத் தோன்றாது. மண்ணில் கீரி பறித்த தடத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நாலு வருடத்தில் ஒன்றுகூட உள்ளே வந்ததில்லை. குறை என்றால் துருதான். எச்சம் படுகிற கீழ்வரிசை மூன்றாவது வருடமே அரித்துப் போய் அதை மட்டும் மாற்றினேன், முதலிலேயே பெயிண்ட் அடித்திருக்க வேண்டும்.

மேலே இருந்து வருவது வேறு கதை. முதல் மூன்று வாரம் குஞ்சுக்குக் காகமும் வல்லூறும் பெரிய தொல்லை. பழைய மீன்வலையைக் கொல்லையில் ஒரு பகுதிக்கு மேல் கட்டினோம், நன்றாகவே வேலை செய்தது, ஆனால் வெயிலில் இற்றுப் போவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரவில் மினுக்கும் சோலார் விளக்கு வாங்கினேன், இரண்டு வாரம் எதுவும் அண்டவில்லை, அப்புறம் அதற்கடியிலேயே பூனை படுத்திருந்தது. அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் மெஷ் வாங்கியிருக்கலாம்.

உண்மையைச் சொன்னால், பகலில் சிறுவிடைத் தாய்க்கோழிக்கு நிகரான காவல் எதுவும் இல்லை. நடுவில் வனராஜா என்ற மேம்படுத்திய இனக் கோழிகள் ஆறும் வளர்த்தோம், முட்டை நன்றாக வைத்தன, ஆனால் உடம்பு கனம், பருந்து நிழல் விழுந்தால்கூட மெதுவாகத்தான் நகரும். சிறுவிடை அப்படியில்லை. ஒரு குரல் கொடுத்தால் அத்தனை குஞ்சும் புதருக்குள் போய்விடும், காகத்தை எட்டடி துரத்திக்கொண்டு ஓடும். இப்போது அதுதான் வைத்திருக்கிறோம்.

பாம்புக்கு மருந்து, பூண்டு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் கொல்லையில் பாம்பு குறைந்தது தீவனத்தை மாற்றி வைத்ததால்தான். முன்பு தவிடும் குருணையும் தட்டிலேயே இரவு முழுக்க இருக்கும், அதற்கு எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும். இப்போது மாலையில் தட்டை எடுத்துவிட்டு, கூண்டுக்குள் ஒரு கைப்பிடி கம்புத் தானியத்தை மட்டும் வீசுவேன். கம்புக்காகவே ஐந்தரை மணிக்கு எல்லாம் வரிசையாக வந்துவிடும், துரத்தி அடைக்க வேண்டிய வேலையும் போனது.

கீரிக்கு விஷம் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதோடு அந்த விஷத்தை முதலில் தின்பது உங்கள் நாயாகவோ கோழியாகவோகூட இருக்கலாம்.

இன்னொன்று, நாங்கள் கீரிக்கு இழந்ததைவிட வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு இழந்தது அதிகம். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் அந்த நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்தையும் எட்டாவது வாரத் தடுப்பூசியையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு கோழி பதினொரு முட்டையில் அடைகாக்கிறது. வருகிற வியாழன் இருபத்தோராம் நாள். மேலே கட்டிய வலையில் இரண்டு இடம் கிழிந்திருக்கிறது, அதற்குள் மாற்றிவிட வேண்டும்.