கண்ணாடி மெஷரிங் ஜக்: மில்லிக்கு ஒரு பக்கம், அவுன்ஸுக்கு ஒரு பக்கம்

அமெரிக்காவுக்குக் குடிவரப்போகும் நண்பன் எந்த மெஷரிங் ஜக் வாங்கலாம் என்று கேட்டான். நான் பல வருஷமாக வைத்திருப்பது கைப்பிடி போட்ட நாலு கப் கண்ணாடி ஜக். கனமானது, மஞ்சள் கறை பிடிக்காது, முக்கியமாக ஊற்றும்போது மூக்கு வழியாக ஒழுகாது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்த மில்லி கோடுகள்! வலது கையில் பிடித்தால் கப்பும் அவுன்ஸும் முகத்துக்கு நேரே தெரியும், மில்லி எனக்கு முதுகைக் காட்டும். கண்ணாடி வழியே பார்த்தால் எண்கள் இடவலம் மாறித் தெரிகின்றன. சரி, திருப்பிப் பிடித்தாலும் ஐம்பது ஐம்பதாகத்தான் கோடு, நம் ஊர்ச் சமையல் குறிப்பில் 180 மில்லி பால் என்றிருந்தால் குத்துமதிப்புதான். ஒரு கப் 236.6 மில்லி, அதுவும் எந்த மில்லி கோட்டிலும் உட்காராது. நாலு கப், அதாவது ஒரு குவார்ட், 946 மில்லிதான், அதனால் 1 லிட்டர் கோடு அதற்கும் மேலே விளிம்பை ஒட்டி நிற்கிறது. அது வரை நிரப்பிவிட்டு அடுப்பு வரை சிந்தாமல் நடந்து காட்டுங்கள் பார்ப்போம்.

அதனால் நான் கோட்டை நம்புவதை விட்டு மனக்கணக்குக்குப் போய்விட்டேன். மில்லியை 30ஆல் வகுத்தால் அவுன்ஸ், அவ்வளவுதான். சரியான அளவு 29.57, ஆனால் இங்கே உணவுப் பொட்டல லேபிள் விதியே அவுன்ஸை 30, கப்பை 240 என்றுதான் எடுத்துக்கொள்கிறது, அப்புறம் எனக்கென்ன. கேலனுக்கே 55 மில்லிதான் பிசகும், சாம்பாருக்கு அது தெரியவா போகிறது? பிரிட்டிஷ் சமையல் புத்தகம் வைத்திருந்தால் மட்டும் ஜாக்கிரதை, அவர்கள் பைன்ட் 568, அமெரிக்க பைன்ட் 473.

இன்னொன்று, ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. அரிசியை அதில் அளந்து தண்ணீரை இந்த ஜக்கின் கப் கோட்டில் அளந்தால் சாதம் குழைந்துவிடும்.

இவ்வளவு உழைக்கிற ஜக்கை வாங்கச் சொல்ல வேண்டும்தான். நேற்று பாயசத்துக்குப் பால் அளந்த கடுப்பில் இருக்கிறேன், அதனால் வேண்டாம்டா என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்து பத்து மில்லியாகக் கோடு போட்ட மலிவான பிளாஸ்டிக் கப் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். அப்படியானால் உன் பழையதை எனக்குக் கொடுத்துவிடு என்கிறான், அதெல்லாம் முடியாது.