ஜெனரலின் பதக்க வரிசை: தையல் கச்சிதம், வரிசையில் கோட்டை விட்டார்கள்

ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஒருவரின் 12 பதக்கங்களுக்குக் கன்டோன்மென்ட் கடை ஒன்று செய்த கோர்ட் மவுன்டிங் இது; அதாவது பதக்கங்கள் ஆடாதபடி ரிப்பனோடு சேர்த்துத் தைத்துக் கட்டுவது. கைவேலை அருமை. ஆனால் கட்டியவருக்கு ஓர் அதிகாரியின் சர்வீஸைப் படிக்கத் தெரியவில்லை.

ஒரு பதக்கத்தின் விட்டம் சுமார் 35 மி.மீ. பன்னிரண்டையும் பக்கம்பக்கமாக வைத்தால் 42 செ.மீ.; எந்தக் கோட் மார்பிலும் இடம் போதாது. அதனால் ஒன்றை ஒன்று பாதி மறைக்கும்படி ஏற்றித்தான் கட்ட வேண்டும். நடுநெஞ்சை ஒட்டிய முதல் பதக்கம் மட்டும் முழுசாகத் தெரியும். இங்கே ஏற்றம் சீராக இருக்கிறது, அடிவிளிம்புகள் நூல் பிடித்தாற்போல் நேர். ரிப்பன் பதக்கத்தின் பின்னாலும் இறங்குவதால் நடக்கும்போது மோதல் இல்லை. பதக்கங்கள் தொங்கி ஆடும் ஸ்விங் மவுன்டிங்கில் கிணுகிணு சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், முகப்பெல்லாம் கீறலாகிவிடும். பசை தொடவில்லை என்பதற்குத் தனிப் பாராட்டு. விளிம்பில் எண், பெயரோடு அன்றைய பதவியும் பொறித்திருக்கும். ஜெனரலின் பழைய பதக்கத்தில் 'கேப்டன்' என்று இருப்பது பசைக்குள் போனால் போனதுதான்.

இனி கோளாறு. வீர் சக்ராவை, சிறப்புச் சேவைக்கான அதி விசிஷ்ட சேவா பதக்கத்துக்கு முன்னால் தைத்திருக்கிறார்கள். போர்க்கள விருதுதான் பெரிது என்று யாருக்கும் தோன்றும். அரசின் முன்னுரிமைப் பட்டியல் அப்படிப் போவதில்லை: பரம் விசிஷ்ட சேவா பதக்கம் மகாவீர் சக்ராவுக்கே முன்னால் வரும், அதி விசிஷ்ட வீர் சக்ராவுக்கு முன்னால். கடைசியில் நீண்ட சேவைப் பதக்கங்கள் 9, 20, 30 ஆண்டு என ஏறுகின்றன. 30, 20, 9 என்றுதான் இறங்க வேண்டும்.

ரிப்பனில் தப்பில்லை. விசிஷ்ட சேவா பதக்கத்தில் மூன்று படி: பொன்னிறத்தில் ஒரு நீலக்கோடு பரம், இரண்டு அதி, மூன்று வெறும் விசிஷ்ட. கோடு குறையக் குறைய மதிப்பு கூடும். அனுபவமில்லாதவர்கள் தலைகீழாக மாட்டுவது இதில்தான்.

ஏற்றிக் கட்டியதில் ஒன்றை இடம் மாற்றினால் அதற்கடுத்தவை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஆகவே ஊசி போடும் முன்பே மேஜையில் அடுக்கச் சொல்லிப் படம் கேளுங்கள். படத்தில் இடது கோடிதான் மூத்த பதக்கம். அணிபவருக்கு அது வலப்பக்கம். பட்டியலை எழுதிக் கொடுக்கும்போதே 'பார்ப்பவருக்கு இடமிருந்து' என்று குறிப்பிடுங்கள். மினியேச்சர் செட்டும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதையும் சரிபாருங்கள்; பெரியதைப் பார்த்துத்தான் சிறியதையும் கட்டுவார்கள்.