1.6 மியாட்டாவுக்கு எந்த இசியு: பிக்கிபேக்கா, ஸ்பீடுயினோவா, மெகாஸ்குவர்ட்டா, லிங்க்கா?

1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவின் 1.6 லிட்டர் இன்ஜின் இரும்பு பிளாக் கொண்டது. ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்தால் லேசில் சளைக்காது. அந்த வண்டியில் வயது தெரிவது கணினிப் பக்கம்தான். காற்றை அளக்க ஸ்பிரிங் வைத்த ஃப்ளாப் ஒன்று, கியர் வண்டிகளில் த்ராட்டில் முழுக்க மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும் ஒரு சுவிட்ச், கலவையில் பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று மட்டும் சொல்லும் நேரோபேண்ட் ஆக்சிஜன் சென்சார். இவற்றை வைத்தே இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, காலம் தள்ளுகிறது. கலவை கட்டுமீறி வெடிப்பதைக் (நாக்கிங்) கண்டுபிடிக்கும் நாக் சென்சார் கிடையாது.

வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் இசியுவை மாற்ற வேண்டாம். ஒன்றிரண்டு குதிரைத்திறனுக்காக வண்டியை ஒரு மாதம் ஷெட்டில் போட்டுவைப்பது வீண் வேலை. பழைய இசியு செத்தே போயிருந்தாலும், அதே மாடலில் பயன்படுத்திய இசியு ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் மலிவு. டர்போ போடுகிறவர்களுக்கும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியவர்களுக்கும்தான் இந்த ஒப்பீடு.

ஏன் டர்போ என்றதும் இசியு பேச்சு வருகிறது? கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.6இன் இன்ஜெக்டர் நிமிடத்துக்குச் சுமார் 210 சிசி விடும். ஒரு சிலிண்டர் 400 சிசி காற்றை முழுதாக இழுத்தால், அதற்கான பெட்ரோலை விட 12 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் ஆகும். 7000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற, இருப்பதே 17 மில்லிசெகண்ட். ஃபுல் த்ராட்டிலுக்குரிய ரிச் (பெட்ரோல் கூடிய) கலவையையும் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். அதன்மேல் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தால் தேவை 1.4 மடங்காகும், 17 மில்லிசெகண்டுக்குள் அடங்காது. ஆக, பெரிய இன்ஜெக்டர் கட்டாயம். பெரிய இன்ஜெக்டரைப் பழைய இசியு அறியாது. அதனால் அதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

பழைய இசியுவோடு கூட மாட்டும் பிக்கிபேக் பெட்டி இங்கேதான் சறுக்குகிறது. அது ஏர்ஃப்ளோ மீட்டரிலிருந்து (காற்றை அளக்கும் அந்த ஃப்ளாப்) வரும் சிக்னலைத் திருத்தி, 'காற்று குறைவாக வருகிறது' என்று இசியுவிடம் பொய் சொல்லும். இசியுவும் நம்பி பெட்ரோலைக் குறைக்கும். ஆனால் இக்னிஷன் டைமிங்கையும் அதே சிக்னலை வைத்துத்தானே முடிவு செய்கிறது! லோடு குறைவு என்று நினைத்து டைமிங்கை அட்வான்ஸ் செய்யும், அதாவது ஸ்பார்க்கை இன்னும் முன்னதாக விடும். பூஸ்ட் ஏறும் நேரத்தில் அட்வான்ஸ் ஏறினால் நாக்கிங், பிறகு உடைந்த பிஸ்டன். போதாததற்கு, ஃப்ளாப் முழுக்கத் திறந்துவிட்ட பிறகு எவ்வளவு காற்று வந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. டைமிங்கையும் கையாளத் தெரியாத பிக்கிபேக்கை டர்போ வண்டியில் யோசிக்கவே வேண்டாம்.

மிச்சம் மூன்றும் முழு இசியுக்கள். மூன்றும் ஏர்ஃப்ளோ மீட்டரைத் தூக்கிவிட்டு, மேனிஃபோல்டு அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடும்.

ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறிய கணினி போர்டின் மேல் உட்காரும் ஓப்பன் சோர்ஸ் இசியு. நான்கு இன்ஜெக்டர் சேனல், நான்கு இக்னிஷன் சேனல். நான்கு சிலிண்டர் மியாட்டாவுக்குப் போதும். விலையில் இதற்குப் போட்டியே இல்லை. ஆனால் சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும், போர்டு ஸ்கீமேட்டிக் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மெகாஸ்குவர்ட்டைத் தனி போர்டாகவும் வாங்கலாம், மியாட்டா கனெக்டரோடு வரும் பிளக்-இன் பெட்டியாகவும் வாங்கலாம். பிளக்-இன் என்றால் பழைய இசியுவைக் கழற்றிய இடத்திலேயே மாட்டிவிடலாம், ஹார்னஸை (வண்டியின் வயர் கட்டை) வெட்ட வேண்டாம். மெகாஸ்குவர்ட்டின் எம்எஸ்3 என்றால் எஸ்டி கார்டில் லாக் எடுக்கும், லேப்டாப்பைச் சுமக்க வேண்டியதில்லை. ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் இரண்டுக்கும் டியூனர்ஸ்டூடியோதான் மென்பொருள். அது இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஓட்ட ஓட்ட விஇ டேபிளை (எந்த ஆர்பிஎம்மிலும் அழுத்தத்திலும் சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்ற அட்டவணை) தானே திருத்தும் வசதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

நியூசிலாந்தின் லிங்க்கும் பிளக்-இன் வகைதான். பிசிலிங்க் மென்பொருள் இலவசம். விலை மூன்றிலும் அதிகம். நீங்களே டியூன் செய்யப்போவதில்லை, டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் மேடை) வைத்திருக்கும் கடையில் விடப்போகிறீர்கள் என்றால் முதலில் கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குப் பழக்கமான இசியு எதுவோ அதுதான் உங்கள் இசியு.

விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எந்தப் பெட்டி வாங்கினாலும் அதற்கு வெளியே செய்ய வேண்டிய வேலை அதேதான். ஃப்யூயல் பம்ப் முதல் கண்ணி. 1.6இல் பம்பை ஓட்டும் சுவிட்ச் ஏர்ஃப்ளோ மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஃப்ளாப் அசைந்தால்தான் ரிலே பிடிக்கும். மீட்டரைத் தூக்கியதும் பம்ப் நின்றுவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இருமி அணையும், ஆட்கள் மூன்று நாள் டேபிளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். மீட்டர் கனெக்டருக்குப் போன அந்த பம்ப் வயரை இசியுவின் பம்ப் அவுட்புட்டோடு சேர்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், இன்ஜின் பேயில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி (ஃப்யூயல் பம்ப்), ஜிஎன்டி (கிரவுண்ட்) இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் ரிலேயும் பம்பும் நலம், கோளாறு உங்கள் வயரிங்கில்.

காற்று வெப்ப சென்சாரும் மீட்டரோடு போய்விடுகிறது. ஜிஎம்மின் ஓப்பன் எலிமென்ட் சென்சாரை இன்டர்கூலருக்குப் பிறகு வரும் பைப்பில் வையுங்கள். மேனிஃபோல்டில் திருகினால் உலோகத்தின் சூட்டைத்தான் படிக்கும். கூலன்ட் சென்சாரில் இரட்டை வயர் உள்ளது இசியுவுக்கு, ஒற்றை வயர் உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கு. மாற்றிப் பிடித்துவிட வேண்டாம். இரட்டை வயர் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2.45 கிலோ ஓம் காட்டும். த்ராட்டில் சுவிட்சுக்குப் பதில் தொடர்ச்சியாக வோல்டேஜ் தரும் சென்சார் போட்டால் ஆக்சிலரேஷன் சீராகும். கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்டுக்கு பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் கொண்ட கன்ட்ரோலர் எதுவும் சரி. அதன் சிக்னல் கிரவுண்டை இசியுவின் சென்சார் கிரவுண்டிலேயே கட்டுங்கள். பாடியில் கட்டினால் ஹெட்லைட் போட்டதும் கலவை மாறிவிட்டதுபோல ரீடிங் நகரும். அதை நம்பி டியூன் செய்தால் டேபிள் முழுக்கத் தப்பு.

ஸ்பீடுயினோ கட்டுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கை. இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் சிக்னலைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே செய்யும், தானாக 5 வோல்ட் தராது. இரண்டு சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டோடு இணைக்கும் 1 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் ஆளுக்கொன்று இல்லாவிட்டால் ஆர்பிஎம் சுழியத்திலேயே நிற்கும். இரண்டாவது, காயில். மியாட்டா இக்னைட்டர் சிக்னல் ஏறும்போது காயிலை சார்ஜ் செய்து, இறங்கும்போது ஸ்பார்க் விடும். இந்த செட்டிங் தலைகீழானால் சாவியை ஆன் செய்த நொடியிலிருந்து காயில் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். காயில் கை வைக்க முடியாத அளவு சூடாகும், இக்னைட்டரும் போகும். செட்டிங்கைச் சரிபார்க்கும்வரை காயில் கனெக்டரைக் கழற்றியே வையுங்கள். பிளக்-இன் பெட்டிகளில் இந்த இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்து அனுப்புவார்கள். விலை வித்தியாசத்தில் நல்ல பங்கு இதற்குத்தான்.

முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் டைமிங் லைட் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, புல்லியிலும் 10 காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கேம் ஆங்கிள் சென்சாரின் 12 எம்எம் போல்ட்டைத் தளர்த்தித் திருப்ப வேண்டாம், ட்ரிகர் ஆங்கிளை மென்பொருளிலேயே திருத்துங்கள். லைட்டில் கோடு இரண்டு மூன்று டிகிரி குதித்தால் அது டைமிங் பெல்ட்டின் ஆட்டம். அதிக பூஸ்ட் ஓட்டுகிறவர்கள் அதற்காகவே கிராங்க்கில் 36-2 வீல் (36 பற்களில் இரண்டு இல்லாத சக்கரம்) போடுகிறார்கள்.

வேலை மிகவும் இழுப்பது கோல்டு ஸ்டார்ட்டில். விஇ டேபிளை ஒரு வார இறுதியில் ஒழுங்காக்கிவிடலாம். குளிர்ந்த இன்ஜினோ ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து, லாக் எடுத்து, ஒரே ஒரு எண்ணை மாற்றி, மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். பிளக்-இன் வாங்கினால் ஓரளவு பழுத்த பேஸ் மேப் (தொடக்க டேபிள்கள்) கூடவே வரும். ஸ்பீடுயினோவில் இந்த வேலைக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிவையுங்கள், வேலைக்குப் போக வேறு வண்டியும் வைத்திருங்கள்.