ஸென் கெர்னலும் இறங்காத சிபியூ வேகமும்: மதுரை வெயிலில் சில வருட அனுபவம்

ஸென் (ஒரே கம்ப்யூட்டரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) மோசம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு கணக்கு எழுதும் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரே பெட்டியில் ஸென் போட்டு, விண்டோஸில் டாலி கணக்கு மென்பொருள், தனியாக ஒரு ஃபைல் சர்வர், தனியாக ஒரு ஃபயர்வால் என்று ஓட்டினோம். அது தானாகப் படுத்துக்கொண்டு நான் ஓடிப்போய்ப் பார்த்த நாள் என்று எதுவும் நினைவில் இல்லை. தொல்லை கொடுத்தது ஒரே விஷயம்: வேலை இல்லாத நேரத்திலும் பிராசசர் வேகம் இறங்கவே இறங்காது.

பெட்டி இன்டெல் கோர் ஐ5 2400, நான்கு கோர், அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், வேலை கூடும்போது தானாக ஏறும் டர்போவில் 3.4, சும்மா இருக்கும்போது 1.6 வரை இறங்கக்கூடியது. 95 வாட் சில்லு. இதே பெட்டியில் சாதாரண லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் கருப்பகுதி) பூட் செய்தால் நொடியில் 1.6-க்கு வந்து நிற்கும். அடியில் ஸென்னை வைத்து அதே லினக்ஸை ஏற்றினால், வேகக் கட்டுப்பாட்டுக் கோப்புகள் இருக்கும் சிபியூ-ஃபிரீக் அடைவே இருக்காது. வேகத்தை மாற்றும் கருவி 'டிரைவர் இல்லை' என்று சொல்லும், டிரைவரைக் கையால் ஏற்றினால் 'அப்படிச் சாதனம் இல்லை' என்று திருப்பி அனுப்பும்.

சரி, இறங்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? குளிரூட்டிய அறையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இந்தப் பெட்டி இருந்தது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஏசி கிடையாது. சித்திரைத் திருவிழா முடிந்து கத்திரி வெயில் தொடங்கினால் அந்த அறையின் சுவரைத் தொட்டாலே சுடும். அதற்குள் ஃபேன் முழு வேகத்தில் இரையும். கணக்கு பார்க்கும் அக்கா ஒருநாள், 'தம்பி, இது கம்ப்யூட்டரா மாவு மில்லா?' என்றே கேட்டுவிட்டார். அதைவிடப் பெரிய தலைவலி இன்வெர்ட்டர். 2012-இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது, யாரும் எதையும் தொடாத பெட்டி முழு வேகத்தில் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். கரண்ட் பில்லில் பெரிய மாற்றம் தெரியாது, அதை நான் பொருட்படுத்தவும் இல்லை. பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்பதுதான் எங்களுக்குக் கேள்வி.

இது ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்ட பிறகு கோபம் பாதி போய்விட்டது. ஸென் பெட்டியில் முதலில் எழுவது லினக்ஸ் இல்லை, ஹைப்பர்வைசர், அதாவது மெய்நிகர் கணினிகளுக்கு வன்பொருளைப் பங்கிட்டுத் தரும் ஸென். பிராசசர் அதன் கையில். நாம் உட்கார்ந்து கட்டளை அடிக்கும் டாம் ஜீரோ லினக்ஸும், அதிகாரம் கொஞ்சம் கூடுதலாக உள்ள ஒரு விருந்தாளி (மெய்நிகர் கணினி), அவ்வளவே. அது 'என் முதல் சிபியூ' என்று நினைப்பது இந்தக் கணம் நிஜமான மூன்றாவது கோரில் ஓடலாம், அடுத்த கணம் வேறொன்றில். தனக்கு வேலை இல்லை என்று அது வேகத்தைக் குறைத்தால், அதே நேரம் பக்கத்தில் டாலி மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்கலாம். தனக்குத் தூக்கம் வருகிறது என்று ஒரு குடித்தனக்காரர் மொத்த வீட்டுக்கும் மெயின் சுவிட்சை அணைத்த கதையாகிவிடும். போதாக்குறைக்கு, பழைய பிராசசர்களில் வேகம் மாறினால் உள்ளே இருக்கும் நேர எண்ணியின் ஓட்டமும் மாறும்; அதை நம்பி மணி பார்க்கும் விருந்தாளிகளின் கடிகாரம் தாறுமாறாகும். ஆக, லினக்ஸின் கையிலிருந்து அதைப் பிடுங்கியது நியாயம்தான்.

அப்படியென்றால் ஹைப்பர்வைசரே செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். செய்யத் தெரியும், ஆனால் அதற்குத் தகவல் வேண்டும். எந்தெந்த வேகம் உண்டு, அவற்றுக்கு எப்படி மாறுவது என்ற பட்டியல் மதர்போர்டு இயங்குதளத்துக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணைகளில் இருக்கிறது. அது வெறும் எண் பட்டியலாக இல்லாமல் ஒரு குட்டி நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதை ஓட்டிப் படிக்கும் இன்டர்பிரட்டர் லினக்ஸில் உண்டு, ஸென்னில் கிடையாது. அதனால் டாம் ஜீரோ படித்து, ஹைப்பர்கால் என்ற அழைப்பு மூலம் ஸென்னுக்கு அனுப்ப வேண்டும். இந்த அனுப்புகிற ஆள்தான் அப்போது இல்லை.

2011 ஜூலையில் வந்த லினக்ஸ் 3.0, வெளிப் பேட்ச் (ஒட்டுத் திருத்தம்) எதுவும் இல்லாமலே டாம் ஜீரோவாக ஓடக்கூடியது என்று எல்லாரும் கொண்டாடினோம். நானும் அதை நம்பித்தான் பழைய பேட்ச் போட்ட கெர்னலை விட்டு இதற்கு வந்தேன். அந்தப் பழைய ஏற்பாட்டில், டாம் ஜீரோவின் சிபியூக்களை நிஜ கோர்களோடு ஆணியடித்துக் கட்டிவிட்டு, வேகத்தை அந்த லினக்ஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடும் ஒரு பூட் விருப்பமாவது இருந்தது. புதியதில் அதுவும் இல்லை, பட்டியலை அனுப்பும் டிரைவரும் இல்லை. 2012 மே மாதம் வந்த 3.4-இல்தான் ஸென் டெவலப்பர் கொன்ராட் வில்க் எழுதிய ஸென் ஏசிபிஐ பிராசசர் டிரைவர் சேர்ந்தது. வேகப் பட்டியலோடு, சும்மா இருக்கும்போது கோர் எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்ற பட்டியலையும் அனுப்புவது இதே டிரைவர்தான். அது இல்லாத காலத்தில் வேகமும் இறங்கவில்லை, ஆழ்ந்த தூக்கமும் இல்லை. வெயிலில் எங்களை வாட்டியது இரண்டும் சேர்ந்துதான். வெறும் வேகக் குறைப்பை மட்டும் குற்றம் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதுவரை பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளில்) டர்போவை அணைத்து வைத்து ஓட்டினோம், அதிகப் பலன் இல்லை. கெர்னலைப் புதுப்பித்த அன்றே வித்தியாசம் காதுக்குத் தெரிந்தது, ஃபேன் அடங்கியது. பேட்டரியும் கூடுதல் நேரம் நின்றது. வேகம் குறையும்போது மின்னழுத்தமும் குறைகிறது. செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 3.1-லிருந்து 1.6 என்பது பாதி வேகம்தான் என்றாலும் மிச்சமாவது பாதிக்கு மேல், குறைந்தபட்சம் கோர்களைப் பொறுத்தவரை.

ஆனால் அதன் பிறகும் பலர் 'இன்னும் வேலை செய்யவில்லை' என்று புலம்புவதைப் பார்க்கிறேன். காரணம் எளிது: டாம் ஜீரோவில் சிபியூ விவரத்தைக் கேட்டால் அது எப்போதும் 3.1 என்றே காட்டும், நிஜத்தில் 1.6-இல் ஓடினாலும். அந்த எண்ணை நம்பக் கூடாது. சிபியூ-ஃபிரீக் அடைவும் இன்றைக்கும் வராது, வரவும் வேண்டாம். பார்க்க வேண்டிய இடம் ஸென்பிஎம் என்ற கட்டளை. கவர்னர் (வேகத்தைத் தீர்மானிக்கும் விதி) எது, எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் இருந்தது எல்லாம் அதில் வரும். கவர்னரை மாற்றுவதும் அதிலேயே, ஆனால் ரீபூட் செய்தால் மறந்துவிடும். நிலையாக வேண்டுமென்றால் ஸென்னின் பூட் வரியில் எழுதுங்கள். தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும் ஆன்டிமாண்டை நான் அப்படியே விட்டேன். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி நெருக்கடியில் மட்டும் எப்போதும் முழு வேகத்தில் வைக்கும் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிப் பார்த்தேன், டாலியில் யாருக்கும் எந்த மாற்றமும் தெரியவில்லை.

நடுவில் ஒருமுறை எல்லாம் பழையபடி கொதிக்க ஆரம்பித்தது. ஸென்பிஎம்மில் ஒரு தகவலும் இல்லை. கெர்னல் அப்டேட் கெடுத்துவிட்டதோ என்று அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், ரேம் மாற்ற வந்த சர்வீஸ் பையன் 'ஸ்பீடா ஓடட்டும்ணே' என்று நல்லெண்ணத்தில் பயாஸில் வேகத்தை ஏற்றி இறக்கும் ஸ்பீட்ஸ்டெப் வசதியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதை அணைத்தால் பயாஸ் அந்தப் பட்டியலையே கொடுக்காது, அனுப்புவதற்கு டிரைவரிடம் ஒன்றும் இருக்காது. எனவே கெர்னலைத் திட்டும் முன் பயாஸைப் பாருங்கள்.

இப்போது அந்த அலுவலகத்தில் பெட்டியும் புதிது, ஸென்னுக்குப் பதில் கேவிஎம்முக்கு மாறியாகிவிட்டது. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 முதலே கேவிஎம் லினக்ஸுக்குள் இருக்கிறது. அதில் லினக்ஸேதான் ஹைப்பர்வைசர் என்பதால் இந்தச் சுற்றுவழி எதுவும் இல்லை, வேகம் எப்போதும் போல ஏறி இறங்குகிறது. ஒரே பெட்டியில் நாலைந்து மெய்நிகர் கணினி ஓட்டும் சின்ன அலுவலகத்துக்கு இன்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஸென்னை வீட்டில் சோதனைக்கு வைத்திருக்கிறேன், மெய்நிகர் கணினிகளைப் பிரித்து வைக்கும் சுத்தம் அதில் இன்னும் எனக்குப் பிடிக்கும். ஸ்கைலேக் முதலான இன்டெல் சில்லுகள் வேகத்தைத் தாங்களே தீர்மானிக்கும் வசதிக்கு ஸென் ஆதரவு தந்தது 2023 நவம்பரில் வந்த 4.18-இல்தான். சில்லு வந்தது 2015-இல். தாமதம் என்றால் இது தாமதம்.

கேவிஎம்மில் ஒரு விஷயம்: விருந்தாளி லினக்ஸுக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் சிபியூ-ஃபிரீக் அடைவு இருக்காது. பதற வேண்டாம், ஹோஸ்டில் (அடியில் ஓடும் லினக்ஸில்) பாருங்கள்.