கேமரா மாத்திரைக்கு முன்: வெறும் பட்டினியா, 2 லிட்டர் பேதி மருந்தா?

கேமரா வைத்த மாத்திரையை விழுங்கிச் சிறுகுடலைப் படம் எடுக்கும் கேப்சூல் எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கினால் ஒரு மருத்துவமனை, “முதல்நாள் ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்துங்கள், போதும்” என்கிறது. இன்னொன்று 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லிப் பேதி மருந்துப் பாக்கெட்டைக் கையில் கொடுக்கிறது. 2001-ல் அமெரிக்காவில் இந்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்தபோது பட்டினிதான் வழக்கம். பேதி மருந்து பிற்பாடு வந்து சேர்ந்தது.

பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும்போது வழியில் அழுக்கு இருந்தால் டாக்டர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம், உறிஞ்சி எடுக்கலாம். சுமார் 26 மி.மீ. நீளமுள்ள இந்த மாத்திரைக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. குடல் தள்ளுகிற பக்கம் போகும். எதிரே இருப்பதை, அது சாப்பாட்டுத் துணுக்காக இருந்தாலும், படம் எடுத்துத் தள்ளும். ஆயிரக்கணக்கில் படம் வந்தும் பாதி கலங்கலாக இருந்தால் என்ன பயன்?

பட்டினியின் பெரிய வசதி, ராத்திரி தூங்கலாம். முதல்நாள் மதியத்துக்கு மேல் தெளிந்த திரவம், அப்புறம் 10–12 மணி நேரம் வெறும் வயிறு. இளநீர், பால் சேர்க்காத டீ பரவாயில்லை. வயிற்றுக்கு இதம் என்று வீட்டில் தரும் கஞ்சியும் மோரும் இதில் சேராது. சிறுகுடலின் மேல்பகுதி பட்டினியிலேயே ஓரளவு நன்றாகத் தெரியும். தகராறு கடைசிப் பகுதியில்தான். பித்தநீரும் மிச்சம்மீதியும் அங்கே போய்ச் சேர்ந்து படத்தை இருட்டாக்கிவிடும்.

பேதி மருந்து என்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால். உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளாது. தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைத்து, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வெளியே போகும். உப்புக் கரித்த சுவைதான் கஷ்டம், ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும். படம் தெளிவாகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. அதனால் கூடுதலாக நோய் கண்டுபிடிக்கப்படுகிறதா என்பதில்தான் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் இதைத்தான் பரிந்துரைக்கிறது. 4 லிட்டர் குடித்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், 2 லிட்டரே போதும்.

குறைவாகக் குடித்தால் போதுமே என்று சோடியம் பாஸ்பேட் என்ற இன்னொரு பேதி மருந்தின் பக்கம் சாய்பவர்கள் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்த மருந்து அது. என் கணக்கில் அது போட்டியிலேயே இல்லை.

எதை எடுத்தாலும் சிமெத்திகோன் சேர்த்துக்கொள்வது நல்லது; நுரையும் குமிழியும் அடங்கும். இரும்புச்சத்து மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடலைக் கறுப்பாக்கிவிடும். இந்தச் சோதனைக்கு வருகிறவர்களில் பலர் ரத்தசோகைக்காரர்கள், அந்த மாத்திரையை நாள் தவறாமல் போடுகிறவர்கள். அதனால் நிறுத்த மறப்பது சுலபம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவை மட்டும் நாமாக மாற்றக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.

எனக்கு வாய்ப்பு கொடுத்தால் 2 லிட்டர்தான். குறிப்பாகக் குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோய்ச் சந்தேகம் என்றால் யோசிக்கவே வேண்டாம். அது அதிகம் தாக்குவது சிறுகுடலின் கடைசிப் பகுதியை, பட்டினி கைவிடும் அதே இடத்தை. இதயமோ சிறுநீரகமோ பலவீனமான வயதானவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு டாக்டர் பட்டினியோடு விட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

குரோன் நோயில் குடல் சுருங்கியிருந்தால் மாத்திரை சிக்கிக்கொள்ளலாம். அப்படிச் சந்தேகம் வந்தால், தானே கரைந்துபோகும் போலி மாத்திரையை முதலில் விழுங்க வைத்து வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேமரா மாத்திரை வெளியே வந்துவிட்டது என்று உறுதியாகும்வரை எம்ஆர்ஐ ஸ்கேன் பக்கம் போகக் கூடாது.