ஒரே குரலா, உள்ளே பேசுவதா, ஊரறியப் பேசுவதா?

2009 மே மாதம். கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த செய்திகளைக் கேட்டு யாருக்கும் சோறு இறங்காத நாட்கள் அவை. மேடையில் பேசியவர்கள் அழுதார்கள், கீழே இருந்த நாங்களும் அழுதோம். கூட்டம் முடியும் நேரத்தில் அகதி முகாமில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். "ஆமி அடிக்கிற செல்லைப் பற்றிச் சொல்லுறியள், அது உண்மைதான். எங்கட பிள்ளையளை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனதையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார். இயக்கம் என்று அவர் சொன்னது விடுதலைப் புலிகளை. ஒரு கணம் மண்டபமே அடங்கிப்போனது. அப்புறம் பின்வரிசையில் இருந்து "உட்காரும்மா" என்று ஒரு குரல். அதன் பின்னால் பத்து குரல்கள். கையில் இருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் சொன்னது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒரு சமூகம் தன் சொந்தக் கருத்து வேறுபாட்டை என்ன செய்வது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம்மிடையே இதற்கு மூன்று பதில்கள் புழங்குகின்றன. எல்லாரும் ஒரே குரலில் பேசு, மாறுபட்டவன் சும்மா இரு என்பது ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, வெளியே வந்தால் ஒரே பேச்சு என்பது இன்னொன்று. மூன்றாவது, எதிர்த்தரப்பின் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று ஊரறிய வாதிடுவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முயல்கிறேன். என் சாய்வு மூன்றாவதன் பக்கம்தான். அதை மறைக்கப் போவதில்லை.

ஒரே குரல்

இதைச் சொல்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க முடியாது. அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. எதிரி உன் வாக்குமூலத்தை எடுத்து உன் மேலேயே வீசுவான், பலவீனமானவனுக்கு இருக்கும் ஒரே பலம் ஒற்றுமை, வெற்றிக்குப் பிறகு எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம். குண்டு விழும் ஊரில் இருப்பவர் இப்படிச் சொன்னால் கடலூரில் இருந்துகொண்டு நான் எளிதாக மறுத்துவிட முடியாது.

ஆனால் இந்த வழி ஈழத்தில் நடத்திப் பார்க்கப்பட்டது. அதன் கணக்கு நம் முன்னால் இருக்கிறது. 1986 மே மாதம், புலிகளைப் போலவே ஆயுதம் ஏந்திய இன்னொரு தமிழ் இயக்கமான டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தைப் புலிகள் கொன்றார்கள். 1989 ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 21-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. அரசப் படை, இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என்று யார் செய்த கொடுமையையும் விட்டுவைக்காமல் சாட்சியம் எழுதியவர் அவர்.

மறு ஆண்டு அக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 70,000 பேருக்கு மேல். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பேசியது தமிழ், பிறந்தது அந்த மண். இது தப்பு என்று நினைத்த தமிழர்கள் யாழ்ப்பாணத்தில் நிச்சயம் இருந்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், கூடப் படித்தவர்கள். தெருவில் நின்று சொல்ல யாருக்கும் முடியவில்லை. புலிகள் தரப்பு அதற்கு வருத்தம் தெரிவிக்க 2002 ஆகிவிட்டது. ஒரு தவறைத் தவறு என்று ஒப்புக்கொள்ளப் பன்னிரண்டு ஆண்டு.

2005 குடியரசுத் தலைவர் தேர்தலும் அப்படித்தான். இந்தத் தேர்தலில் தமிழர்களுக்கு அக்கறை இல்லை என்று புலிகள் தரப்பில் மேலிருந்து சொல்லப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எதிர்த்து நின்ற ரணில் வந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது. இவ்வளவு பெரிய முடிவைப் பற்றி அந்த மாவட்டத்தின் ஏதாவது ஒரு சந்தியில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று பேச முடிந்ததா என்பதுதான் என் கேள்வி.

சிங்களத் தரப்பிலும் ஒரே குரல் ஓங்கிய கதை உண்டு. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா நாடாளுமன்றத்தில் நின்று, இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று எச்சரித்தார். தன் சமூகத்தின் பெரும்பான்மையை எதிர்த்து அன்று அப்படிப் பேசுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஓட்டு விழவில்லை. 1972-இல் சிங்களத்தை ஆட்சிமொழியாகவும் பௌத்தத்தை முதலிடத்திலும் வைத்த அரசியலமைப்பை அமைச்சராக இருந்து உருவாக்கியவரும் அதே கொல்வின்தான். சுட்டுக் கொன்றால்தான் மாற்றுக்குரல் சாகும் என்று இல்லை.

உள்ளே பேசு, வெளியே ஒன்றாக நில்

நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது இதுதான். வீட்டுச் சண்டை வீதிக்கு வரக்கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்கள் இப்படித்தான் நடக்கின்றன. கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடும், உரக்கப் பேசுவார்கள், சில நேரம் கைகலப்புகூட வரும். முடிவு எடுத்த பிறகு அது ஊர் முடிவு, ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் அபராதம், தள்ளிவைப்பு. சுனாமி வந்த காலத்தில் இந்தக் கட்டுக்கோப்பு எத்தனை குடும்பங்களைத் தாங்கியது என்று பார்த்தவன் நான். அதனால் இதை இளக்காரமாகப் பேச மாட்டேன்.

ஆனால் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் சுருக்கி மூடும் சுருக்குமடி வலை விவகாரத்தில் இந்த வழியின் ஓட்டை தெரிந்தது. பல குடும்பங்கள் பங்கு போட்டு, கடன் வாங்கி இந்த வலையில் இறங்கின. மத்தியும் கானாங்கெளுத்தியும் கூட்டம் கூட்டமாக ஒரே வளைப்பில் வந்துவிடும். சின்ன ஃபைபர் படகுக்காரன் கடலுக்குப் போனால் மிச்சம் இல்லை. தமிழக அரசு 2000-இலேயே தடை போட்ட வலை இது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி தந்தது. அதற்கு முன், 2021 ஆகஸ்டில் புதுச்சேரியில் வீராம்பட்டினத்துக்காரர்களும் நல்லவாட்டுக்காரர்களும் இந்த வலைக்காகக் கடலில் மோதிக்கொண்டு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்குப் போனது. இரண்டும் மீனவர் ஊர்கள், கொண்டான் கொடுத்தான் உறவு உள்ள ஊர்கள்.

கடலூர் பக்கத்தில் சுருக்குமடியை ஆதரித்த ஓர் ஊரில் எனக்கு நண்பர் ஒருவர் உண்டு. ஃபைபர் படகு வைத்திருப்பவர். பஞ்சாயத்தில் வேண்டாம் என்று பேசியவர்களில் அவரும் ஒருவர். முடிவு வேறு மாதிரி ஆனதும், "ஊர் சொல்லிட்டுது சார், இனிமே நான் என்ன சொல்ல" என்று அடங்கிவிட்டார். பக்கத்து ஊரில் இதற்கு நேர்மாறு. ஊர் தடையை ஆதரித்தது, சுருக்குமடியில் பங்கு போட்டிருந்த சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். விளைவு என்ன? இந்த ஊர் முழுக்கத் திருடன் என்று அந்த ஊர் நினைத்தது. அந்த ஊர் முழுக்கப் பொறாமைக்காரன் என்று இந்த ஊர் நினைத்தது. என் நண்பரைப் போல நினைப்பவர்கள் அடுத்த ஊரில் நூறு பேர் இருந்தும் அவர்களை அவர் சந்திக்கவே இல்லை. நடுவில் நின்று பேசியிருக்கக்கூடியவர்கள் இரண்டு பக்கமும் ஒளிந்துகொண்டார்கள்.

இரண்டாம் வழியில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். உள்ளே எவ்வளவு சுதந்திரமாகப் பேசினாலும், எதிர்த்தரப்புக்குத் தெரிவது மூடிய முஷ்டி மட்டும். அதோடு, அந்த உள்ளறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, வட்டிக்கு வாங்கி, கூடை சுமந்து விற்பவர்கள் பெண்கள். பஞ்சாயத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.

போருக்குப் பிந்தைய ஈழத் தமிழ் அரசியலையும் இந்த வகையில்தான் சேர்ப்பேன். 2013 வடமாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30-ஐ வென்றது. வெளியே ஒரே வீட்டுச் சின்னம், உள்ளே தீராத புகைச்சல். ஐந்து ஆண்டில் முதலமைச்சரே தனிக்கட்சி தொடங்கினார். 2024 ஜனவரியில், கூட்டமைப்பின் முக்கியக் கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. இது நல்ல தொடக்கம் என்று அன்று மகிழ்ந்தேன். அடுத்த மாதமே விவகாரம் நீதிமன்றம் போய், கட்சி மாநாடு நின்றுபோனது. தோற்றவனும் கௌரவமாகக் கூடவே இருக்கலாம் என்ற பழக்கம் ஒரே நாளில் வந்துவிடாது போலிருக்கிறது.

ஊரறிய

இதற்கு வெளிநாட்டு உதாரணத்தைத் தேடும் முன் கீழூருக்குப் போகலாம், புதுச்சேரியில் இருந்து அதிக தூரம் இல்லை. 1954 அக்டோபர் 18-இல் அங்கே பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு இணையலாமா என்று வாக்களித்தார்கள். இணையலாம் என்றவர்கள் 170. வேண்டாம் என்றவர்கள் 8. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. இணைப்பு என்பது ஒரு குரலில் எழுந்த முழக்கம் என்றுதான் இப்போது பலர் நினைக்கிறார்கள். உண்மையில் புதுச்சேரி பிளந்து கிடந்தது. பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் அதே ஆண்டு மார்ச்சில்தான் பக்கம் மாறினார். மிரட்டலும் அடிதடியும் நிறைந்த காலம் அது. கீழூரில் வாக்களித்தது பிரதிநிதிகள்தான், பொதுமக்கள் இல்லை என்ற குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்த 8 எண்ணப்பட்டது, வரலாற்றில் நின்றது. ஏகமனதாக என்று எழுதி அதை விழுங்கவில்லை. எனக்கு அந்த 170-ஐவிட 8-இன் மேல் மரியாதை அதிகம் என்று சொன்னால் புதுச்சேரி நண்பர்கள் கோபிக்கக்கூடாது, நானும் இணைப்பை ஆதரிப்பவன்தான்.

அயர்லாந்தோடு சேரவேண்டும் என்ற கத்தோலிக்கத் தரப்பும் பிரிட்டனோடே இருக்கவேண்டும் என்ற புராட்டஸ்டண்ட் தரப்பும் மோதிக்கொண்ட வட அயர்லாந்தில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. கத்தோலிக்கத் தரப்பில் ஜான் ஹியூம், ஆயுதப் போராட்டத்தை ஆதரித்த ஜெரி ஆடம்ஸோடு பேசினார் என்பதற்காகச் சொந்தத் தரப்பிலேயே வசை வாங்கினார். 1998 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம் வந்தது. மே 22 பொதுவாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். புராட்டஸ்டண்ட் தரப்பில் இயன் பெய்ஸ்லி ஊர் ஊராகப் போய் வேண்டாம் என்று முழங்கியவர். தோற்றார், ஆனால் துரோகி என்று யாரும் அவரைச் சுடவில்லை. தேர்தலில் நின்றார், வளர்ந்தார். 2007 மே மாதம் அதே பெய்ஸ்லி முதலமைச்சராகவும், கத்தோலிக்கத் தரப்பு ஆயுத இயக்கமான ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதலமைச்சராகவும் ஒரே அரசில் உட்கார்ந்தார்கள். எதிர்த்தவர் எங்கே நிற்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் அவரோடு பேச முடிந்தது. அங்கேயும் இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தித்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள். எல்லாக் காயமும் ஆறிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை.

சரி, எதிரி பயன்படுத்திக்கொள்வானே என்ற பழைய கேள்வி. பயன்படுத்தத்தான் செய்வான். பிள்ளை பிடித்ததைப் பற்றிய தாய்மாரின் அழுகையை இலங்கை அரசு தன் குண்டுவீச்சை நியாயப்படுத்த எடுத்துக்கொண்டது. ஆனால் நம் மௌனத்தையும் அது எடுத்துக்கொண்டதே! தமிழர் எல்லாரும் புலி என்று சொல்வதற்கு வசதியாக இருந்தது எது? அந்தத் தாய்மாரின் குரலை நாமே உரக்க எடுத்துச் சொல்லியிருந்தால், அரசின் கொலைகளைப் பற்றி நாம் சொன்னதையும் உலகம் கூடுதலாக நம்பியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன். பேசியவர் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும். ரஜனி தேர்ந்தெடுத்தது மூன்றாம் வழி, அவர் வாழ்ந்த ஊரில் நடந்தது முதல் வழியின் ஆட்சி. அவரைப் போல நீயும் பேசு என்று அங்கே இருப்பவருக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. இங்கே பேசினால் போவது கொஞ்சம் நல்ல பேரும் சில நட்பும்தான்.

நாங்கள் கொஞ்சம் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். எடுக்கும் முடிவில் மாறுபடுகிறவர் முதலில் பேசவேண்டும், அவர் முடிக்கும் வரை மைக்கை யாரும் வாங்கக்கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். போன மாதம் சுருக்குமடி பற்றிப் பேச்சு. அந்த ஃபைபர் படகு நண்பர் வந்திருந்தார். கூடை சுமந்து விற்கும் ஒரு அம்மாவும் வந்திருந்தார். "எந்த வலையில வந்தாலும் வட்டி கட்டுறது நான்தான், என்னைக் கேட்டீங்களா?" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் எதிர் ஊரைச் சேர்ந்தவர் என்று கடைசியில்தான் நண்பருக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் தன் ஊரில் இருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.