நாவலா, நெல்லியா, டப்பா புளூபெர்ரியா?

சேலத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது புளூபெர்ரி கிடைக்கிறது. 125 கிராம் டப்பா ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் சூரமங்கலம் உழவர் சந்தையில் ஒரு கிலோ நெல்லிக்காய் வாங்கி, மிச்சத்துக்குக் கீரையும் வாங்கலாம். அப்படியிருந்தும் டப்பாவை எடுக்கிறோம் என்றால், உடம்புக்கு அதில் கூடுதலாக என்ன இருக்கிறது?

வைட்டமின் சி கணக்கில் போட்டியே கிடையாது. 100 கிராம் புளூபெர்ரியில் சுமார் 10 மில்லிகிராம், ஸ்ட்ராபெர்ரியில் 60ஐ ஒட்டி. பெருநெல்லியிலோ 250 அளவுக்கு இருக்கிறது. பழைய அட்டவணைகள் 600 என்றே போட்டிருக்கும். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்லும் தினசரி அளவு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். நல்ல பருமனான நெல்லிக்காய் ஒன்றே அதை ஏறக்குறைய முடித்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. களியிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாகச் சேரும். அதனால் களிக்குப் பச்சை நெல்லிக்காயை அரைத்துக் கலந்த தயிர்ப்பச்சடி அருமையான ஜோடி. ஏற்காடு போய்வரும்போது வாங்கும் தேன் நெல்லியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாகில் ஊறியது மிட்டாய்தான்.

சரி, புளூபெர்ரியின் பெருமை வைட்டமின் சி இல்லை, அதன் நீலக் கருமை. ஆந்தோசயனின் என்கிற அந்த நிறமிதான் நாவல் தின்ற நாக்கையும் ஊதாவாக்குகிறது. ஆனால் இங்கே நம் ஊர்ப் பாசத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். அமெரிக்காவில் சுமார் 93,600 செவிலியரை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் புளூபெர்ரியோ ஸ்ட்ராபெர்ரியோ சாப்பிட்ட பெண்களுக்கு, அரிதாகச் சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பழம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. பழம் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருக்கலாம். என்றாலும் நாவலுக்கு ஆதரவாகக் காட்ட அந்த அளவுக்குப் பெரிய ஆய்வு நம் கையில் இல்லை. சாட்சியத்தில் புளூபெர்ரி முந்துகிறது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாவல் கொட்டைப் பொடி சர்க்கரை நோயை விரட்டிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. பழத்தை அளவாகச் சாப்பிடுங்கள், அது போதும்.

நாவலின் உண்மையான பலவீனம் அதன் ஆயுள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் தள்ளுவண்டியில் குவிந்திருக்கும்; வாங்கி இரண்டு நாள் வைத்தால் நசுங்கிப் புளித்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். இப்போதெல்லாம் அதுவும் மலிவில்லை. நான் ஆனி, ஆடியில் நாவலும் குளிர்காலத்தில் நெல்லியும் வாங்குவேன். இடைப்பட்ட மாதங்களுக்குக் கொய்யா இருக்கவே இருக்கிறது, அதிலும் வைட்டமின் சி 200க்கு மேல். புளிப்பைக் கண்டாலே ஓடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புளூபெர்ரி வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். உறையவைத்த பாக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள். குளிரில் நிறமி பெரிதாகப் போவதில்லை.

காய்ந்த கிரான்பெர்ரியை மட்டும் இந்த வரிசையிலேயே சேர்க்க மாட்டேன். இயல்பான புளிப்பை மறைக்கச் சர்க்கரையை ஏற்றி, 100 கிராமில் 65, 70 கிராம் வரை சர்க்கரையாகவே வருகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அச்சிட்டே இருக்கும்.